சிலோனில் பிறந்தவருக்கு பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கிடைக்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் பிறப்பு, திருமணச் சான்றிதழ்களை மொழிபெயர்த்துக் கொடுப்பது என் தொழில். சான்றிதழை நீட்டும்போதே பலர் ஒரு கேள்வியையும் சேர்த்து நீட்டுவார்கள்: "இவர் வெள்ளைக்காரன் காலத்தில் பிறந்தவர், இதை வைத்து ஏதாவது செய்யலாமா?" ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வந்ததால் இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

நான் சட்டத்தரணி இல்லை. இங்கே இருப்பது பொதுவான விளக்கம். விண்ணப்பம் போடுமுன் உங்கள் குடும்பக் கதையை ஆவணங்களோடு ஒரு குடிவரவுச் சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

1. "எங்கட அப்பா 1939இல கொழும்பில பிறந்தவர். அப்ப இது வெள்ளைக்காரன்ர நாடுதானே. அவருக்கோ எனக்கோ பிரிட்டிஷ் பாஸ்போர்ட் எடுக்கேலுமா?"

முடியாது. உங்கள் அப்பா பிரிட்டிஷ் சப்ஜெக்டாக, அதாவது பிரித்தானிய மன்னரின் குடியாக, பிறந்தார் என்பது உண்மை. பிரித்தானிய முடியாட்சியின் பகுதிகளில் பிறந்தவர்களுக்கு 1914ஆம் ஆண்டுச் சட்டம் அந்தத் தகுதியைக் கொடுத்தது. ஆனால் கதை அதோடு முடியவில்லை. 1948 பிப்ரவரி 4 சுதந்திரம். 1948 நவம்பர் 15 சிலோன் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1949 ஜனவரி 1 பிரித்தானியாவின் புதிய குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இந்த மூன்று திகதிகளையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கீழே அடிக்கடி வரும்.

அந்தப் பிரித்தானியச் சட்டம் உலகெங்கும் இருந்த சப்ஜெக்டுகளைப் பிரித்தது. பிரித்தானியாவோடும் அப்போது மிச்சமிருந்த காலனிகளோடும் தொடர்புள்ளவர்கள் "ஐக்கிய இராச்சியம் மற்றும் காலனிகளின் பிரஜைகள்" ஆனார்கள். இந்தப் பக்கத்தில் அவர்களைச் சுருக்கமாகக் காலனிப் பிரஜை என்கிறேன். கனடா, ஆஸ்திரேலியா, இந்தியா, பாகிஸ்தான், சிலோன் போன்ற நாடுகளைச் சேர்ந்தவர்கள் அந்தந்த நாட்டுச் சட்டத்தின் கையில் விடப்பட்டார்கள். இன்றைய பிரிட்டிஷ் குடியுரிமை அந்த முதல் கூட்டத்தின் வழியில் வருவது. உங்கள் அப்பா இரண்டாவது கூட்டத்தில், சிலோன் பிரஜையாக இருந்தார். அவருடைய அப்பாவும் சிலோனிலேயே பிறந்தவர் என்றால் உங்களுக்குக் கடத்த அவரிடம் பிரித்தானியத் தகுதி எதுவும் இல்லை.

2. "அம்மப்பாவின்ர பழைய பாஸ்போர்ட்டில பிரிட்டிஷ் சப்ஜெக்ட் எண்டு அடிச்சிருக்கு. எழுத்திலயே இருக்கிறதை எப்பிடி இல்லையெண்டு சொல்லுவினம்?"

இல்லையென்று யாரும் சொல்ல மாட்டார்கள். அது அன்றைய நிலைக்கு நல்ல சாட்சி. 1949-க்குப் பிறகும் சிலோன் பிரஜைகளைப் பிரித்தானியச் சட்டம் பிரிட்டிஷ் சப்ஜெக்ட் என்றும் பொதுநலவாயப் பிரஜை என்றும் இரண்டு பெயராலும் அழைத்தது. அதனால்தான் குழப்பம் இவ்வளவு நீடிக்கிறது. 1983 ஜனவரி 1-ஆம் திகதி 1981ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது பிரிட்டிஷ் சப்ஜெக்ட் என்ற பெயர் மிகச் சிறிய ஒரு கூட்டத்துக்கு மட்டும் ஒதுக்கப்பட்டது. இலங்கைப் பிரஜைகள் பொதுநலவாயப் பிரஜைகளாக மட்டும் மிஞ்சினார்கள்.

ஆனாலும் அந்தப் புத்தகத்தை எறிந்துவிடாதீர்கள். அதில் பிறந்த ஊரும் திகதியும் இருக்கும். 5ஆம் கேள்வி மாதிரியான விஷயங்களில் அதுதான் கைகொடுக்கும்.

3. "அப்ப அந்தக் காலத்தில எங்கட ஆக்கள் விசா இல்லாமலே லண்டன் போனவையே, அது எப்பிடி?"

அவர்கள் போனது அந்தப் பொதுநலவாயத் தகுதியின் பலத்தில். 1962 ஜூலை 1 வரை சிலோன் பிரஜை ஒருவர் கப்பலேறிப் போய் இறங்கி, வேலை தேடி, அங்கேயே இருக்கலாம். ஓர் ஆண்டு வசித்தால் காலனிப் பிரஜையாகப் பதிவு செய்துகொள்ளவும் முடிந்தது. 1962 சட்டம் கதவைப் பாதி மூடியது, பதிவுக்கான வசிப்புக் காலமும் ஐந்து ஆண்டாகியது. 1973 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்த குடிவரவுச் சட்டம் மிச்சத்தையும் மூடியது. அதற்கு முன் போய்க் குடியேறியவர்களின் வசிப்புரிமை மட்டும் காப்பாற்றப்பட்டது.

4. "பெரியப்பா 1968இல போனவர். இண்டைக்கு வரைக்கும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் எடுக்கேல்லை, கையில ஒரு கடிதமும் இல்லை. இப்ப ஆஸ்பத்திரியில பேப்பர் கேக்கினம். என்ன செய்யிறது?"

இந்தப் பக்கத்தில் நல்ல செய்தி சொல்லக்கூடிய கேள்விகளில் இது ஒன்று, அதுவும் அவசரமானது. 1973-க்கு முன் போய்க் குடியேறிய பொதுநலவாயப் பிரஜைகளுக்குச் சட்டப்படி வசிப்புரிமை இருந்தும், அதைக் காட்ட ஒரு காகிதம்கூட அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை. பல ஆண்டுகள் கழித்து வேலை, வீடு, சிகிச்சை எல்லாவற்றுக்கும் காகிதம் கேட்கத் தொடங்கியபோது வயதானவர்கள் வேலையை இழந்தார்கள், சிலர் நாடு கடத்தவும் பட்டார்கள். 2018-இல் இது பெரிய அரசியல் விவகாரமாகி 'விண்ட்ரஷ்' திட்டம் வந்தது. மறு ஆண்டு இழப்பீட்டுத் திட்டமும் வந்தது.

கரீபியன் தீவுக்காரர்களைப் பற்றியே செய்திகள் வந்ததால் நம்மவர்கள் பலர் இது தங்களுக்கு இல்லை என்று நினைக்கிறார்கள். அது தவறு. இலங்கையும் பொதுநலவாய நாடு, பெரியப்பா இதற்குள் வருகிறார். விண்ணப்பம் இலவசம். வரிப் பதிவு, தேசியக் காப்புறுதிப் பதிவு, பிள்ளைகளின் பள்ளிப் பதிவு, வீட்டு வாடகைப் புத்தகம் என்று அவர் அங்கே இருந்ததைக் காட்டும் எதையும் ஏற்பார்கள். அவரது பிள்ளைகள் 18 வயதுக்கு முன் அங்கே போயிருந்தால் அவர்களும் விசாரிக்க வேண்டும்.

இடையில் இலங்கைக்குத் திரும்பி வந்து பல ஆண்டு இருந்துவிட்டவர்களின் நிலை வேறு. இரண்டு ஆண்டுக்கு மேல் வெளியே இருந்தால் வசிப்புரிமை பொதுவாகப் போய்விடும். ஆனால் பிரித்தானியாவோடு உறவு அறுபடாமல் இருந்ததைக் காட்ட முடிந்தால், இங்கிருந்தே இதே திட்டத்தின் கீழ் கேட்கலாம்.

5. "எங்கட அப்பப்பா மலாயாவில பிறந்தவர். அவரின்ர அப்பா அங்க ரயில்வேயில கிளார்க். பிறகு பென்சன் எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணம் வந்திட்டினம். இதில ஏதும் இருக்கோ?"

இருக்கலாம். மலாயன் பென்சனியர் குடும்பங்களில் இருந்து இந்தக் கேள்வி அடிக்கடி வரும், பலர் ஒரே மாதிரிப் பதில் எதிர்பார்ப்பார்கள். ஆனால் மலாயாவில் எந்த ஊர் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் நேரடிப் பிரித்தானியக் காலனிகள். அங்கே பிறந்தவர் பிறப்பால் பிரிட்டிஷ் சப்ஜெக்ட். கோலாலம்பூர், ஈப்போ, தைப்பிங், சிரம்பான் எல்லாம் சுல்தான்களின் நாடுகள், பிரித்தானியாவின் பாதுகாப்பில் இருந்தவை. அங்கே பிறந்ததால் மட்டும் ஒருவர் சப்ஜெக்ட் ஆகவில்லை. அவருடைய அப்பா எங்கே பிறந்தவர் என்பதையும் பார்ப்பார்கள்.

அப்பப்பா பினாங்கிலோ மலாக்காவிலோ பிறந்தவர் என்றால் 1949 ஜனவரி 1-இல் காலனிப் பிரஜை ஆகியிருப்பார். 1957 ஆகஸ்ட் 31 மலாயா சுதந்திரமடைந்தபோது இந்த இரண்டு இடத்தவரிடமிருந்தும் அந்தத் தகுதி பறிக்கப்படவில்லை. வேறெங்கும் பொதுவாகப் பறிக்கப்பட்டதால், இது குறிப்பிட வேண்டிய விதிவிலக்கு. சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றவர்களோ 1963 செப்டம்பர் 16 மலேசியா உருவானபோது காலனிப் பிரஜைத் தகுதியை இழந்தார்கள். சுல்தான் நாடுகளில் பிறந்தவர்களின் விஷயத்தில், அவர் 1957-இல் மலாயாக் குடியுரிமை பெற்றாரா என்பதும் சேர்ந்துகொள்ளும். அதை ஆவணம் பார்க்காமல் சொல்லவே முடியாது.

அப்பப்பாவின் திருமணம் பதிவாகி, உங்கள் அப்பா 1983-க்கு முன் பிறந்திருந்தால், பினாங்கு வழித் தகுதி அவருக்கும் வந்திருக்கக்கூடும். 1983-இல் அது 'பிரித்தானியக் கடல்கடந்த பிரஜை' என்ற தகுதியாக மாறியது. உங்களுக்கு அது வராது, அதற்கு மேல் அடுத்த தலைமுறைக்குப் போக வழியில்லை.

6. "கடல்கடந்த பிரஜை எண்டாலும் பாஸ்போர்ட் தருவினம்தானே. அதோட லண்டனில போய் இருக்கலாமா?"

பாஸ்போர்ட் தருவார்கள். அதன் அட்டையும் மற்றப் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் மாதிரித்தான் இருக்கும். ஆனால் பிரித்தானியாவில் போய் இருக்க அனுமதி வேண்டும், வேலைக்கு உரிமை இல்லை. ஆளைப் பார்த்து "பிரிட்டிஷ் பாஸ்போர்ட் எடுத்துத் தருகிறேன்" என்று சொல்லும் ஏஜென்டுகள் இதைத்தான் சொல்லாமல் விடுகிறார்கள்.

வேறு எந்த நாட்டின் குடியுரிமையும் இல்லாத கடல்கடந்த பிரஜை ஒருவர் முழுப் பிரிட்டிஷ் பிரஜையாகப் பதிவு செய்யலாம் என்று 2003-இல் ஒரு வழி திறந்தது. அதிலும் கண்டிப்பான நிபந்தனை உண்டு: 2002 ஜூலை 4-க்குப் பிறகு தானாக விரும்பி வேறு குடியுரிமையைக் கைவிட்டவருக்கு அது பொருந்தாது. மலேசியாவில் பலர் இதைச் சரியாகத் தெரிந்துகொள்ளாமல் மலேசியக் குடியுரிமையைத் துறந்துவிட்டு, இங்கும் இல்லாமல் அங்கும் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் தவித்தார்கள். தயவுசெய்து, எவர் சொன்னாலும், இந்தக் காரணத்துக்காக இலங்கைக் குடியுரிமையைத் துறக்காதீர்கள்.

7. "நாங்க பேர்கர் வழி. பூட்டனார் ஒல்லாந்தர். ஒல்லாந்துப் பாஸ்போர்ட், இல்லாட்டி பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கிடைக்குமா?"

ஒல்லாந்து வழியில் இல்லை. ஒல்லாந்தர் ஆட்சி இங்கே 1796-இல் முடிந்தது. அந்த நாட்டின் இன்றைய குடியுரிமை, தலைமுறைக்குத் தலைமுறை அறுபடாமல் வந்திருக்க வேண்டும். வம்சாவளிப் பதிவேடு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அந்தத் தொடர் இங்கே இல்லை.

பிரித்தானிய வழியில் பார்க்க வேண்டியது தாத்தா பாட்டி நால்வரில் யாராவது ஐக்கிய இராச்சியத்துக்குள்ளேயே பிறந்தார்களா என்பது. 1922 மார்ச் 31-க்கு முன் அயர்லாந்தில் பிறந்திருந்தாலும் சரி. இருந்தால், பொதுநலவாயப் பிரஜை என்ற முறையில் நீங்கள் வம்சாவளி விசா கேட்கலாம். வயது 17 ஆகியிருக்க வேண்டும், அங்கே வேலை செய்யும் எண்ணமும் தகுதியும் இருக்க வேண்டும். ஐந்து ஆண்டு விசா, அதற்குப் பிறகு நிரந்தர வசிப்பு கேட்கலாம். சிலோனில் பிறந்த தாத்தா எவ்வளவு வெள்ளைக்காரராக இருந்தாலும் இதற்கு ஆகாது, பிறந்த இடமே கணக்கு.

தாய் பிரித்தானியாவில் பிறந்தவர், நீங்கள் 1983-க்கு முன் இங்கே பிறந்தவர் என்றால் விசா தேவையே இல்லாமல் போகலாம். அந்தக் காலத்தில் குடியுரிமை தகப்பன் வழியில் மட்டும் போனது. அந்தப் பாகுபாட்டைச் சரிசெய்யப் பின்னர் பதிவு வழி கொண்டு வந்தார்கள். அதை முதலில் விசாரியுங்கள்.

8. "எங்க ஆத்தாவோட அப்பா தோட்டத்து வெள்ளைக்காரத் தொர. கல்யாணம் கட்டல. ஊருக்கே தெரியும், ஆனா பேப்பர்ல இல்ல. எங்களுக்கு ஏதாச்சும் உண்டுங்களா?"

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்கிறார்கள். தாழ்த்த வேண்டியதில்லை. வெட்கப்பட வேண்டியது அந்தப் பிள்ளைகள் அல்ல.

திருமணம் ஆகாத பிரித்தானியத் தகப்பனின் பிள்ளைக்குப் பழைய சட்டம் எதையும் கொடுக்கவில்லை. 2015 ஏப்ரல் முதல், 1983-க்கு முன் பிறந்த அப்படிப்பட்டவர்கள் நிபந்தனைகளோடு பிரிட்டிஷ் பிரஜையாகப் பதிவு செய்ய வழி இருக்கிறது. ஆகவே உங்கள் ஆத்தா உயிரோடு இருந்தால் அவர்தான் முதலில் விசாரிக்க வேண்டியவர். உங்களைப் பொறுத்தவரை அந்தத் துரை ஆத்தாவின் அப்பா, அதாவது உங்கள் பாட்டனார். அவர் பிரித்தானியாவில் பிறந்தவர் என்றால் மேலே 7இல் சொன்ன விசா உங்களுக்கும் பொருந்தும். அதற்குத் தாத்தா பாட்டி திருமணம் செய்திருக்க வேண்டும் என்று இல்லை.

கஷ்டம் நிரூபிப்பதில் இருக்கிறது. ஊர் அறிந்தது போதாது. ஞானஸ்நானப் பதிவு, துரை அனுப்பிய பணத்துக்கான கடிதம், பராமரிப்புக்காகப் போட்ட வழக்குப் பதிவு, அவரது குடும்பத்தார் ஒத்துழைத்தால் மரபணுச் சோதனை என்று ஏதாவது ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும்.

9. "எங்கட வாப்பாட வாப்பா காரைக்கால்ல பொறந்து கொழும்புல கடை வச்சவர். பிரான்ஸ்காரன் நேஷனாலிட்டி வருமா?"

கேட்க வேண்டிய கேள்வி. காரைக்கால், பாண்டிச்சேரி, மாஹே, ஏனாம் நான்கையும் இந்தியாவுக்கு விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் 1956-இல் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16-இல் நடைமுறைக்கு வந்தது. அந்த ஊர்களிலேயே இருந்தவர்கள் இந்தியப் பிரஜைகள் ஆனார்கள், வேண்டுமானால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அங்கே பிறந்து, அன்றைக்கு இந்தியாவுக்கு வெளியே குடியிருந்த பிரெஞ்சுக்காரர்களுக்கு விதி தலைகீழ். அவர்கள் எதையும் எழுதாமலே பிரெஞ்சுக்காரர்களாகத் தொடர்ந்தார்கள். கொழும்பில் இருந்த உங்கள் வாப்பாவின் வாப்பாவும் அதில் வந்திருக்கலாம்.

இதற்குப் பிறகு ஒரு பெரிய தடை இருக்கிறது. குடும்பம் 50 ஆண்டுக்கு மேல் பிரான்சுக்கு வெளியே இருந்து, அந்தக் காலத்தில் யாரும் பிரெஞ்சுக்காரராக நடந்துகொள்ளவில்லை என்றால், அதாவது தூதரகப் பதிவோ பாஸ்போர்ட்டோ எதுவும் இல்லையென்றால், வம்ச வழியில் நிரூபிக்கப் பிரெஞ்சுச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. அந்தப் பெரியவரோ உங்கள் வாப்பாவோ ஒரு தடவையாவது பிரெஞ்சுத் தூதரகத்தில் பெயர் பதிந்தார்களா என்பதைத் தேடிப் பாருங்கள். கோவாக் குடும்பங்களுக்கு நிலைமை இதைவிட எளிது: 1961 டிசம்பர் 19-க்கு முன் கோவாவில் பிறந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் போர்த்துக்கேயக் குடியுரிமை கேட்டு வருகிறார்கள்.

10. "எங்க தாத்தா பாட்டன் எல்லாம் வெள்ளக்காரன் கொண்டாந்த ஆளுங்க. அவன் நாட்டுச் சட்டத்துல பிரிட்டிஷ் சப்ஜெக்ட். 1948இல எங்கள நாடத்தவங்க ஆக்கினப்ப அவன் ஏன் கேக்கல? இப்ப அவன்கிட்ட உரிமை கேக்க முடியாதா?"

இந்தக் கேள்வியில் இருக்கும் நியாயத்தை நான் முழுமனதோடு ஏற்கிறேன். 1ஆம் கேள்வியில் சொன்ன அதே 1948 நவம்பர் 15-இல்தான் மலையக மக்கள் குடியுரிமையை இழந்தார்கள். சிலோன் பிரஜையாக இருக்க, இங்கே பிறந்தால் போதாது. அப்பாவும் இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அப்பப்பாவும் அவருடைய அப்பாவும் பிறந்திருக்க வேண்டும். தோட்டத்துப் பிறப்புகளுக்கு அப்படிப் பின்னோக்கிக் காட்டப் பதிவு எங்கே? நம் பழைய பிறப்புச் சான்றிதழ்களில் பாட்டனும் பூட்டனும் எந்த ஆண்டு, எங்கே பிறந்தார்கள் என்று கேட்கும் கட்டங்கள் இருக்கின்றனவே, அவை இந்தச் சட்டத்தின் தடம். மொழிபெயர்க்கும்போது எத்தனையோ சான்றிதழ்களில் அந்தக் கட்டம் வெறுமையாக இருப்பதைப் பார்க்கிறேன்.

1947 தேர்தலில் இந்த மக்களின் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஆசனங்களை வென்றது. இரண்டே ஆண்டில், குடியுரிமையோடு வாக்கும் போனது. 1949-இல் வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பம் போடப்பட்டது, பெரும்பாலானவை நிராகரிக்கப்பட்டன. வழக்கு அன்றைய இறுதி மேன்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவிக் கவுன்சில் வரை போனது. 1953-இல் கோடக்கன்பிள்ளை வழக்கில், இந்தச் சட்டம் எந்த இனத்துக்கும் எதிரான பாகுபாடு அல்ல என்று அங்கே தீர்ப்பளித்தார்கள். ஆகவே "அவன் ஏன் கேட்கவில்லை" என்பதற்குப் பதில்: கேட்க வேண்டிய இடத்தில் கேட்கப்பட்டது, அவர்கள் நியாயம் செய்யவில்லை. பிரித்தானியாவின் சொந்தச் சட்டமும் இவர்களை இந்தியாவின் பிரஜைகளாகக்கூடியவர்கள் என்று ஒதுக்கி, காலனிப் பிரஜை ஆக்காமல் விட்டது.

இன்றைக்கு அந்த வழியில் உரிமை கோர முடியாது. மிச்சம் மீதி இருந்த சப்ஜெக்ட் தகுதியும், வேறெந்த நாட்டின் குடியுரிமை கிடைத்தாலும் தானாகப் போய்விடும் என்பது 1981 சட்டத்தின் விதி. நீங்கள் இப்போது இலங்கைப் பிரஜை, அதுவும் கடும் போராட்டத்தில் கிடைத்தது.

11. "எங்கிட்ட அடையாள அட்டை இருக்கு. அப்புறம் எதுக்கு 2003 சட்டச் சான்றிதழ்? தனியா எடுக்கணுமா?"

முதலில் அந்தச் சட்டம் எப்படி வந்தது என்று பார்த்துவிடுவோம். 1964 அக்டோபர் 30 ஸ்ரீமா-சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைப் பங்கு போட்டது: இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000. மிச்சம் 150,000 பேரை 1974-இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். மனிதர்களைக் கேட்காமல் இரு தலைநகரங்கள் பேசி முடித்த கணக்கு. 1984-இல் தலைமன்னார் இராமேஸ்வரம் கப்பல் நின்றபோது இந்தியப் பாஸ்போர்ட் வாங்கிய பல்லாயிரம் பேர் போக முடியாமல் இங்கேயே நின்றார்கள். 1986, 1988 சட்டங்கள் ஒரு பகுதியினரைக் கரை சேர்த்தன. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும் குடியுரிமை வழங்கியது.

எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாமல் இருந்தவர்களுக்குச் சட்டமே நேரடியாகக் குடியுரிமை கொடுத்துவிட்டது. இந்தியப் பாஸ்போர்ட் வாங்கியிருந்த குடும்பங்கள் தனியாகப் பிரகடனம் செய்து சான்றிதழ் பெற வேண்டியிருந்தது. உங்கள் குடும்பம் இந்த இரண்டாவது வகை என்றால் சான்றிதழ் கட்டாயம். முதலாவது வகை என்றாலும் பெற்றோரின் சான்றிதழோ பிரகடனப் பிரதியோ எதுவானாலும் பத்திரமாக வையுங்கள். பிள்ளைக்குப் பாஸ்போர்ட் எடுக்கும்போது, பிறப்புச் சான்றிதழில் "இந்தியத் தமிழர்" என்று இருந்தால், தாய் தகப்பனின் குடியுரிமைக்கு ஆதாரம் கேட்கும் அதிகாரிகளை இன்னும் பார்க்கலாம்.

12. "நான் தமிழ்நாட்டு முகாமில பிறந்தனான். அப்பா அம்மா இலங்கை. இப்ப கொழும்புக்கு வந்திட்டன். நான் எந்த நாடு?"

பெற்றோரில் ஒருவராவது நீங்கள் பிறக்கும்போது இலங்கைப் பிரஜை என்றால் நீங்கள் இலங்கைப் பிரஜையாகப் பதிவு பெறலாம். முன்பு தகப்பன் வழி மட்டும்தான், 2003-இல் தாய் வழியும் சேர்ந்தது. வெளிநாட்டில் பிறந்த பிள்ளையை ஓர் ஆண்டுக்குள் தூதரகத்தில் பதிய வேண்டும், தவறினால் தாமதப் பதிவு உண்டு. சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகமோ இங்கே பத்தரமுல்லையில் உள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களமோ அதைச் செய்யும். பெற்றோர் மலையகத்தவர், 2003 சட்டம் வரும்போது முகாமில் இருந்தார்கள் என்றால் 2009-இல் செய்த திருத்தம் அவர்களுக்காகவே.

ஒரு சிலருக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் யாரானாலும், இந்தியச் சட்டப்படி பிறப்பாலேயே இந்தியப் பிரஜை. முகாமில் பிறந்தவருக்கும் அதுதான் சட்டம். அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்கு அந்த வழி இல்லை, 2019-இல் இந்தியா கொண்டுவந்த திருத்தத்திலும் இலங்கை சேர்க்கப்படவில்லை.

13. "டியேகோ கார்சியாவில போய் இறங்கின எங்கட ஆக்களுக்கு அது பிரிட்டிஷ் மண் எண்டதால உரிமை வந்ததா?"

வரவில்லை. டியேகோ கார்சியா இந்தியப் பெருங்கடலில் உள்ள சாகோஸ் தீவுகளில் ஒன்று. பிரித்தானியாவின் ஆட்சிப் பகுதி என்பதற்காக அங்கே கால் வைத்தவருக்குக் குடியுரிமை கிடைக்காது. 2021 அக்டோபரில் போய்ச் சேர்ந்தவர்கள் வேலியடைத்த முகாமில் மூன்று ஆண்டு இருந்தார்கள். 2024 டிசம்பரில் பெரும்பாலோரைப் பிரித்தானியாவுக்குக் கொண்டு போனதும் குடியுரிமையின் அடிப்படையில் அல்ல. அந்தத் தீவுகளில் இருந்து விரட்டப்பட்ட சாகோஸ் மக்களின் வாரிசுகளுக்கு 2022 சட்டம் குடியுரிமை வழி திறந்திருக்கிறது. அது அவர்களுக்கு மட்டுமானது.

14. "வேற நாட்டுப் பாஸ்போர்ட் எடுத்தா இலங்கைக் குடியுரிமை போயிடுமா?"

நீங்களாக விண்ணப்பித்து வேறு குடியுரிமை பெற்றால் போய்விடும். அதைத் தடுக்க இரட்டைக் குடியுரிமை 1987 முதல் உண்டு. முன்கூட்டியே கேட்டு இலங்கைக் குடியுரிமையைத் தக்கவைக்கலாம், இழந்த பிறகும் மீளப் பெறலாம். பத்தரமுல்லை சுஹுருபாயவில் உள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் விண்ணப்பிக்க வேண்டும். காணி, முதலீடு, தொழில் எதற்கும் அது பயன்படும். ஆனால் பாராளுமன்றத் தேர்தலில் நிற்க முடியாது, 2022-இல் வந்த 21ஆம் திருத்தம் அதைத் தடுக்கிறது.

5ஆம் கேள்விக்காரர்கள், பழைய தகுதியைப் "புதுப்பிப்பது" புதிய குடியுரிமை பெறுவதாகக் கொள்ளப்படுமா என்பதை விண்ணப்பத்துக்கு முன்பே சட்டத்தரணியிடம் கேட்டுவிடுங்கள்.

15. "லண்டனில மாணவர் விசாவில இருக்கிற என்ர மகளுக்கு வாக்குச்சீட்டு வந்திருக்கு. பிழையா அனுப்பிப்போட்டினமோ?"

பிழை இல்லை. விசாவோடு அங்கே வசிக்கும் பொதுநலவாயப் பிரஜைகள் பிரித்தானியப் பாராளுமன்றத் தேர்தலிலும் வாக்களிக்கலாம். 1983-க்குப் பிறகு நமக்கு மிஞ்சிய சில உரிமைகளில் இது ஒன்று. வாக்களிக்கச் சொல்லுங்கள்.

16. "ஏஜென்ட் ஒருத்தர் பூட்டன்ர பேர்த் செர்டிபிகேட் இருந்தாப் போதும், ஐஞ்சு லட்சம் தாங்கோ எண்டு சொல்லுறார். நம்பலாமா?"

நம்பாதீர்கள். பூட்டனின் சான்றிதழ் மட்டும் போதும் என்று சொல்பவருக்கு மேலே உள்ள எதுவும் தெரியாது, அல்லது தெரிந்தும் மறைக்கிறார். அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் விண்ணப்பிக்கிறீர்கள்?" எழுத்தில் தரச் சொல்லுங்கள். அசல் ஆவணத்தை ஒருபோதும் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

17. "தாத்தாவுக்கு பேர்த் செர்டிபிகேட்டே இல்ல. எங்க போய்த் தேடுறது?"

முதலில் பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் பெயர், ஏறக்குறைய பிறந்த ஆண்டு, மாவட்டம் மூன்றையும் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். சரியான ஆண்டு தெரியாவிட்டால் முன்னும் பின்னும் சில ஆண்டுகள் சேர்த்துக் கேளுங்கள். பெயர் எழுத்து மாறியிருக்கும்: ஆங்கிலத்தில் பதிந்த எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார், ஆகவே இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பாருங்கள்.

அங்கே இல்லையென்றால் கோயில், தேவாலயப் பதிவேடு, பள்ளி விடுகைப் பத்திரம், திருமணப் பதிவில் எழுதிய வயது, மரணச் சான்றிதழ் ஆகியவற்றைப் பாருங்கள். தோட்டத்துக்காரர்கள் செக்ரோலையும் (தோட்டத்து வேலை, சம்பளப் பதிவேடு) பழைய ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) அட்டையையும் கேட்டுப் பார்க்கலாம். மலாயாவில் பிறந்தவர்களுக்கு மலேசியத் தேசியப் பதிவுத் திணைக்களத்தில் பிரதி கேட்கலாம், பினாங்குப் பதிவுகளும் அங்கேதான். பிரதி கைக்கு வந்ததும், மொழிபெயர்க்கக் கொடுக்கும் முன், பெயரும் திகதியும் மற்றச் சான்றிதழ்களோடு ஒத்துப்போகின்றனவா என்று ஒரு தடவை சரிபாருங்கள். ஒரு எழுத்து வித்தியாசமாக இருந்தாலும், இருவரும் ஒரே ஆள்தான் என்று ஒரு சத்தியக் கடதாசியும் சேர்த்து முடித்துக்கொள்வது நல்லது.